நீரும் மண்ணும் மூச்சும்

1902ஆம் ஆண்டு. பம்பாய் நகரின் கிர்காம் பகுதியிலே ஒரு வீடு. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நெருப்புக் காய்ச்சலினால் நினைவு தடுமாறிக் கிடக்கின்றான். நுரையீரலும் நோயினால் தாக்குண்டிருக்கின்றது. பார்க்க வந்த பார்சி வைத்தியர், மருந்தினால் ஆகக்கூடியது அதிகமில்லை என்றும், முட்டையும் கோழிச் சாறும் கொடுத்தால் பிள்ளை தேறக்கூடும் என்றும் கூறுகின்றார். அக்காலத்தில் நெருப்புக் காய்ச்சலை நேரே எதிர்த்து நிற்கும் மருந்து உலகில் எங்கும் இருந்ததில்லை. குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது 1940களின் பிற்பகுதியிலேயே ஆகும்.

சிறுவனின் தந்தையார் புலால் மறுத்தவர். ஜேர்மன் நாட்டு லூயி கூனே என்பவர் எழுதிய நீர்ச் சிகிச்சை நூலைக் கற்று, அதிலே நம்பிக்கை கொண்டவர். அவர் மகனிடமே கருத்தைக் கேட்டார். மகனும் தந்தையின் வழியே தனக்குப் போதும் என்றான். இடுப்புக் குளியலும், நீர் கலந்த தோடம்பழச் சாறுமாக மூன்று நாட்கள் கழிந்தன. காய்ச்சலோ 104 பாகைக்குக் குறையவில்லை. இரவிலே பிதற்றல் தொடங்கியது. தந்தையின் உள்ளம் கலங்கியது. தமது கொள்கைக்காகப் பெற்ற பிள்ளையைப் பலியிடுகின்றோமோ என்ற அச்சம் ஒருபுறம். நம்பிய வழியை நடுவிலே கைவிடுவதா என்ற எண்ணம் மறுபுறம். ஈரத் துணியைப் பிழிந்து பிள்ளையின் உடலைச் சுற்றினார். அதன்மேல் இரண்டு கம்பளிகளைப் போர்த்தினார். தாயாரின் பொறுப்பில் விட்டுவிட்டுச் சௌபாத்திக் கடற்கரைக்குச் சென்று, இறைவன் திருநாமத்தை உச்சரித்தவாறே உலாவினார். திரும்பி வந்தபோது பிள்ளையின் உடல் வியர்த்திருந்தது. காய்ச்சல் தணியத் தொடங்கியிருந்தது.

அந்தத் தந்தையார் காந்தியடிகள். அந்தச் சிறுவன் அவருடைய இரண்டாவது புதல்வர் மணிலால். பிற்காலத்திலே தென்னாபிரிக்காவில் பத்திரிகையாசிரியராய் விளங்கிய மணிலால் 1956ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். இந்நிகழ்ச்சியைத் தமது சுயசரிதையிலே கூறும் காந்தியடிகள், பிள்ளை பிழைத்தது இறைவன் அருளாலா, நீர்ச் சிகிச்சையாலா, கவனமான உணவாலும் பராமரிப்பாலுமா என்பதை யார்தாம் சொல்ல வல்லார் என்ற பொருள்பட ஓர் ஐயத்தையும் சேர்த்தே எழுதி வைத்தார். வெற்றி பெற்றவர் தம் வெற்றியின் காரணத்தை ஐயுறுதல் அரிது. அந்த ஐயமே இன்றைய பேச்சின் பொருளுக்கு வாயிலாகும்.

யோகத்தைக் கற்பிப்போர் உளர். இயற்கைச் சிகிச்சை செய்வோர் உளர். மனிதருடைய வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் ஆராயும் மானிடவியலாளரும் உளர். முதலிருவர் ‘இவ்வாறு செய்க’ என்பர். மூன்றாமவர் ‘இவ்வாறு செய்வது ஏன்? இது எங்கிருந்து வந்தது? செய்வோருக்கு இதன் பொருள் யாது?’ என்று வினவுவார். செய்பவனுக்கு வினவுபவன் இடையூறு போலத் தோன்றலாம். வினவுபவனுக்குச் செய்பவன் குருட்டு நம்பிக்கையுடையவன் போலத் தோன்றலாம். இவ்விரு நிலைகளும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை என்பதையும், அவை இணைந்தபோதே உண்மை சிறிது புலப்பட்டது என்பதையும் கடந்த நூற்றாண்டின் வரலாறு காட்டுகின்றது.

முதலில் இயற்கைச் சிகிச்சையின் பிறப்பை நோக்குவோம். நீரும் மண்ணும் வெயிலும் காற்றுமே மருந்து என்னும் கொள்கையைக் கேட்டவுடன், இது நம்முடைய பழமையான கொள்கை என்றே எவரும் எண்ணுவர். ஐம்பூதங்களாலானது உடல் என்பது நம் முன்னோர் மொழி அன்றோ! ஆயினும், இன்று இயற்கை மருத்துவம் என்று வழங்கும் முறையின் வேர்களை ஆராய்ச்சியாளர் தேடியபோது, அவை நடு ஐரோப்பாவிலே காணப்பட்டன. ஆஸ்திரியச் சிலேசியாவின் மலைக்கிராமமான கிறாபன்பேர்க்கில் வாழ்ந்த வின்சென்ஸ் பிறீஸ்னிற்ஸ் என்பவர் ஓர் உழவர். 1799இல் பிறந்து 1851இல் மறைந்தவர். குளிர்ந்த நீரினால் நோய் தீர்க்கலாம் என்று அவர் காட்டிய வழியை நாடி ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்தனர். அவருக்குப் பின் பவேரிய நாட்டுப் பாதிரியார் செபஸ்தியான் கினைப் நீர்ச் சிகிச்சையை ஒழுங்குபடுத்தினார். லைப்சிக் நகரத்து லூயி கூனே, நோய்கள் பலவாகத் தோன்றினும் அவற்றின் காரணம் ஒன்றே என்றும், உடலிலே தேங்கும் அந்நியப் பொருளே அக்காரணம் என்றும் கூறினார். அடோல்ப் ஜுஸ்ட் என்பவர் ஹார்ஸ் மலைப்பகுதியிலே சிகிச்சை நிலையம் நிறுவி, மண்ணின் நோய் நீக்கும் ஆற்றலை வற்புறுத்தினார். ‘இயற்கைக்குத் திரும்புக’ என்பதே அவருடைய நூலின் பெயரும் கருத்தும் ஆகும்.

ஏன் அந்த நாட்டில், அந்தக் காலத்தில் இக்கொள்கை எழுந்தது? தொழிற்சாலைகள் பெருகி, உழவர் நகரங்களிலே குவிந்து, புகையும் நெருக்கமும் மிகுந்த காலம் அது. இழந்த வயலையும் ஓடையையும் மீண்டும் தேடிய மனத்தின் குரலே இயற்கைச் சிகிச்சை. நோய்க்கு மருந்தாக மட்டுமன்றி, வாழ்க்கை முறையின்மீது எழுந்த ஒரு முறையீடாகவும் அது இருந்தது.

இக்கருத்துகள் நூல் வடிவிலே கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தன. இந்திய மொழிகளிலே பெயர்க்கப்பட்டன. வந்த விருந்தாளி வீட்டுப்பிள்ளையானான். மண்ணுக்கும் நீருக்கும் ஒளிக்கும் காற்றுக்கும் ஐரோப்பியர் கூறிய சிகிச்சைகளோடு, உபவாசத்தை ஆகாய தத்துவத்துக்குரிய சிகிச்சையாகச் சேர்த்து, இந்தியர் ஐம்பூதக் கணக்கை நிறைவு செய்தனர். தோன்றிய நாட்டிலும் பார்க்க வந்த நாட்டிலே அது ஆழமாக வேரூன்றியது.

அதற்குப் பெருங்காரணம் காந்தியடிகளே. 1909இல் எழுதிய ‘இந்து சுயராச்சியம்’ என்னும் நூலிலேயே மேனாட்டு வைத்தியத் தொழிலைக் கடுமையாகச் சாடினார். 1942 முதல் 1944 வரை ஆகாகான் மாளிகையிலே சிறையிருந்தபோது உடல்நலம் பற்றித் தனி நூல் எழுதினார். தன்னைத்தான் ஆளாத உடலைக் கொண்டு நாட்டை எவ்வாறு ஆள்வது என்பதே அவருடைய வினா. 1945ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் நாள், இயற்கை மருத்துவத்துக்கான அகில இந்திய அறநிதியத்தின் பத்திரத்திலே அவர் கையொப்பமிட்டார். புனா நகரில் தின்ஷா மேத்தா என்பவர் நடத்திய சிகிச்சை நிலையத்தை ஏழைகளுக்கு உரியதாக்க முதலிலே முயன்றார். பின்னர், நகரத்துக்கு ஏழையை அழைப்பதிலும் கிராமத்துக்குச் சிகிச்சை செல்வதே முறை என்று தெளிந்து, 1946ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியிலே புனாவுக்கு அருகேயுள்ள உருளிகாஞ்சன் என்னும் ஊருக்குச் சென்றார். மண்ணும் நீரும் வெயிலும் எளிய உணவும் இறைநாமமுமே அங்கே மருந்தாயின. சில நாட்களில் அவர் புறப்பட்டார். ஆயினும் மணிபாய் தேசாய் என்னும் இளைஞர் அங்கேயே தங்கித் தம் வாழ்நாளை அவ்வூருக்கு அளித்தார். வைத்தியருக்குக் கொடுக்கப் பணமில்லாத கிராமத்தவன் தன் கையிலேயே ஒரு பரிகாரத்தைக் காணவேண்டும் என்பதே அம்முயற்சியின் உயிர்நாடி.

இனி யோகத்தின் பக்கம் திரும்புவோம். யோகம் நோய் தீர்க்கும் கலையாகத் தோன்றியதன்று. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தைக் கூறுவதைச் சைவ மக்கள் அறிவர். அங்கே உடலை ஓம்புவது உயிர் ஈடேறுவதற்காகவே. உடல்நலம் வழியிலே கிடைக்கும் பயன், அதுவே முடிவன்று. அத்தகைய யோகம் எவ்வாறு உடற்பயிற்சியாகவும் மருத்துவமாகவும் மாறியது?

1924ஆம் ஆண்டிலே, பம்பாய்க்கும் புனாவுக்கும் இடையேயுள்ள லோனவ்லா என்னும் மலையூரிலே கைவல்யதாமம் என்னும் நிலையம் நிறுவப்பட்டது. நிறுவியவர் சுவாமி குவலயானந்தர். 1883இல் பிறந்த இவர், நருமதைக் கரையிலே வாழ்ந்த மாதவதாசர் என்னும் யோகியிடம் பயின்றவர். பயின்றதை அவ்வாறே கற்பிப்பதோடு அவர் நிற்கவில்லை. வயிற்றை உள்ளிழுத்துத் தசைகளைச் சுழற்றும் நௌலி என்னும் கிரியையைச் செய்வோரை எக்ஸ் கதிரின் முன் நிறுத்தினார். உடலினுள்ளே அமுக்கம் எவ்வளவு குறைகின்றது என்பதைக் கருவி கொண்டு அளந்தார். குழாயும் பம்பியுமின்றி யோகி எவ்வாறு குடலினுள் நீரை ஈர்க்கின்றான் என்னும் புதிருக்கு, அப்போது உள்ளே தோன்றும் வெற்றிடமே காரணம் என்று காட்டினார். அவ்வெற்றிடத்துக்குத் தம் குருவின் பெயரையே சூட்டினார். முடிவுகளை வெளியிடுவதற்கு ‘யோக மீமாம்சை’ என்னும் சஞ்சிகையையும் அதே ஆண்டில் தொடங்கினார். ஆசிரமத்துக்குள்ளே ஆய்வுகூடம் புகுந்தது. ஆய்வுகூடத்திலே குருபக்தியும் குடிகொண்டது.

1930களின் தொடக்கத்திலே அந்நிலையத்துக்கு ஒரு மாணவர் வந்தார். அவர் கேரள நாட்டவர். அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழகத்திலே உளவியல் ஆராய்ந்தவர். பெயர் கோவூர் பெகனான். யோகத்தைப் பற்றி நூல்களைப் படித்துத் தீர்ப்புக் கூற அவர் விரும்பவில்லை. குவலயானந்தரிடம் ஏறத்தாழ ஓராண்டு தங்கித் தாமே பயின்றார். பின்னர் யேலுக்குத் திரும்பித் தம்மையே பரிசோதனைப் பொருளாக்கினார். உஜ்ஜாயி என்னும் மூச்சுப் பயிற்சியின்போது அவருடைய உடல் வழக்கத்திலும் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கூடுதலாக ஒட்சிசனைச் செலவிட்டது என்று அளவைகள் காட்டின. கணக்குப் போடுதல் முதலிய அறிவுச் சோதனைகளிலோ, மூச்சுப் பயிற்சிக்குப் பின் தமது வேகம் குறைந்ததை அவர் கண்டார். தாம் விரும்பிப் பயின்ற கலைக்கு மாறான இம்முடிவை அவர் மறைக்கவில்லை. உள்ள அமைதி பெற்றதையும் எழுதினார். வேகம் குறைந்ததையும் எழுதினார். 1937இல் வெளிவந்த அவருடைய நூல், பயிற்சியாளன் ஆராய்ச்சியாளனாகவும் இருக்கலாம் என்பதற்குச் சான்றாய் நிற்கின்றது.

இங்கேதான் மானிடவியல் வந்து சேர்கின்றது. 1934ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்தில், மார்செல் மோஸ் என்னும் அறிஞர் உளவியலாளர் சபையொன்றில் உரையாற்றினார். நடப்பது, நீந்துவது, மண் வெட்டுவது ஆகியவை இயல்பாக வருவன என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அவை ஒவ்வொன்றும் சமுதாயம் கற்பித்த கலைகள் என்று அவர் விளக்கினார். முதலாம் உலகப் போரிலே ஆங்கிலப் படைவீரருக்குப் பிரெஞ்சு மண்வெட்டியைக் கையாளத் தெரியாமையால், படை மாறும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான மண்வெட்டிகளையும் மாற்ற நேர்ந்தது என்று எடுத்துக்காட்டினார். உரையின் இறுதியில் இந்தியாவிலும் சீனாவிலும் வழங்கும் மூச்சுப் பயிற்சிகளைச் சுட்டி, ஆத்மிக அனுபவத்துக்கும் உடல் வழியே ஒரு படி உண்டு என்று கருதினார். உடலே ஒரு நூல். அதிலே ஒரு மக்களினத்தின் வரலாறு எழுதப்பட்டிருக்கின்றது என்பது அவ்வுரையினால் நாம் பெறும் பாடம்.

அந்த நூலைப் படிக்க முயன்றவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் யோசேப் ஓல்ற்றர். அவர் முதலிலே காசி நகரத்து மல்லர்களோடு பழகி, 1992இல் ஒரு நூல் வெளியிட்டார். மல்லர் பயிலும் களத்தின் மண் வெறும் மண்ணன்று. மஞ்சளும் எண்ணெயும் மோரும் கலந்து பண்படுத்தப்பட்ட அம்மண்ணை அவர்கள் வணங்குகின்றனர். அது உடலைத் தேற்றும் என்றும் நம்புகின்றனர். ஜேர்மனியில் ஜுஸ்ட் கண்ட மண்ணும் காசியிலே மல்லன் பூசும் மண்ணும், வேறு வேறு வழியாக வந்து ஒரே உடலைத் தொடுகின்றன. பின்னர் 2000ஆம் ஆண்டிலே காந்தியடிகளின் உடற்பயிற்சி, உணவு, நோன்பு ஆகியவற்றைப் பற்றியும், 2004ஆம் ஆண்டிலே தற்கால இந்தியாவில் யோகம் பற்றியும் அவர் நூல்கள் எழுதினார். குவலயானந்தரின் ஆய்வுகூடமும், இயற்கை மருத்துவத்தின் ஜேர்மானிய வேர்களும், தில்லிப் பூங்காக்களிலே அதிகாலையில் கூடி யோகம் பயிலும் மக்களும் இரண்டாவது நூலிலே இடம்பெறுகின்றனர். 1967இல் தோன்றிய ஒரு சங்கத்தின் ஆதரவிலே, விரிப்பை விரித்துக் கட்டணமின்றிப் பயிலும் நடுத்தரக் குடும்பத்தவர் அவர்கள். குகையிலே தனித்திருந்த யோகம் பூங்காவிலே பலரோடு கூடிச் செய்யும் வழிபாடாயிற்று.

அந்நூலுக்கு ஆசியவியல் ஆராய்ச்சிக் கழகம் 2006ஆம் ஆண்டிலே பரிசளித்தது. அப்பரிசு தாங்கியிருக்கும் பெயர் ஆனந்த குமாரசுவாமி என்பதாகும். கொழும்பிலே சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய்ப் பிறந்து, கீழைத் தேயத்தின் கலையையும் மெய்ப்பொருளையும் மேற்குலகுக்கு உணர்த்திய பெரியாரின் பெயரால் யோக ஆராய்ச்சி சிறப்புப் பெற்றமை இலங்கை நேயர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியே.

இவ்வாராய்ச்சியால் வந்த பயன் யாது? இந்திய அரசாங்கம் 1978ஆம் ஆண்டிலே யோகத்துக்கும் இயற்கை மருத்துவத்துக்கும் சேர்த்து ஒரே மத்திய ஆராய்ச்சி மன்றத்தை அமைத்தது. இன்று அவ்விரண்டும் ஒரே பாடத்திட்டத்தில், ஒரே பட்டத்துக்கு உரியனவாகக் கற்பிக்கப்படுகின்றன. மாணவன் இரண்டையும் ஒரே பழமையின் இரு கிளைகள் என்று எண்ணுவது இயல்பு. ஒன்று துறவியின் விடுதலைக்கு வழியாகவும், மற்றொன்று ஐரோப்பிய உழவனின் நீர்த்தொட்டியிலும் தோன்றின என்பதை ஆராய்ச்சியாளனே அவனுக்கு உணர்த்துகின்றான். இது பெருமைக்குக் குறைவா? அன்று. பிறநாட்டு விதையாயினும் நம் மண்ணில் விளைந்து நம் பசியைத் தீர்த்தால் அது நம் தானியமே. ஆனால், விதை வந்த வழியை மறைத்துப் பெருமை பேசுவது ஆராய்ச்சிக்கும் அறத்துக்கும் ஒவ்வாது. ‘பழமையானது, ஆகவே பயனுடையது’ என்று சொல்வோர், பயனைச் சோதிக்கும் கடமையிலிருந்து தப்பிக்கொள்கின்றனர். பழமையை ஆராய்வது மானிடவியலின் பணி; பயனைச் சோதிப்பது வைத்திய விஞ்ஞானத்தின் பணி. ஒன்றின் விடையை மற்றொன்றின் விடையாகக் காட்டலாகாது.

ஜப்பானிய அரசின் வனத்துறை 1982ஆம் ஆண்டிலே ‘வனக் குளியல்’ என்னும் பெயரைப் படைத்து, மரங்களிடையே அமைதியாக உலாவுவதை ஊக்குவித்தது. அப்பெயர் இன்று உலகெங்கும் ஏதோ தொன்மையான வழக்கம் போலப் பேசப்படுகின்றது. உலாவுவதனால் வரும் நன்மையைப் பெயரின் இளமை குறைக்காது. ஆயினும் பெயரின் வயதை அறிந்து பேசுதல் நன்று. அவ்வாறே, நாட்பட்ட இடுப்பு நோவுக்கு யோகப் பயிற்சி ஓரளவு நன்மை தருகின்றது என்று பல சோதனைகளைத் தொகுத்து நோக்கிய ஆய்வொன்று 2017இல் கூறியது. ‘ஓரளவு’ என்னும் சொல்லே அங்கே முக்கியமானது. அச்சொல்லை விழுங்கிவிட்டுச் சகல நோய்க்கும் சஞ்சீவி என்று கூறுபவன் யோகத்துக்குத் தொண்டு செய்பவன் அல்லன். இன்சுலின் இன்றி வாழவியலாத நோயாளி, மூச்சுப் பயிற்சியை நம்பி மருந்தை நிறுத்துவானாயின், இழப்பது உயிரையே.

இதற்கும் காந்தியடிகளின் வாழ்விலேயே ஒரு பாடம் உண்டு. கைவல்யதாமம் தோன்றிய அதே 1924ஆம் ஆண்டின் சனவரி மாதத்தில், எரவாடாச் சிறையிலிருந்த அவர் குடல்வால் அழற்சியால் துன்புற்றார். புனா நகரத்து வைத்தியசாலையிலே ஆங்கிலேயரான கேணல் மடொக் அவருக்குச் சத்திரசிகிச்சை செய்தார். நடுவிலே மின்னொளி தடைப்பட்டது; அரிக்கேன் விளக்கின் ஒளியிலே சிகிச்சை முடிவுற்றது. மேனாட்டு வைத்தியத்தைச் சாடியவர், மேனாட்டு வைத்தியரின் கத்தியாலே உயிர் பிழைத்தார். அதன் பின்னரும் அவர் இயற்கைச் சிகிச்சையைக் கைவிடவில்லை; பிற்காலத்திலே அவருடைய உடல்நிலையைக் கவனித்து வந்த சுசீலா நாயரோ மேனாட்டு வைத்தியம் பயின்றவர். இம்முரண்பாட்டைக் கண்டு நகைப்பது எளிது. கொள்கைக்கும் உயிருக்கும் இடையே ஒரு மனிதன் நாள்தோறும் எவ்வாறு வழி தேடுகின்றான் என்று பொறுமையோடு நோக்குவதே மானிடவியலாளன் வழி.

ஆகவே, யோகம் கற்பிப்போன் தான் கற்பிப்பதன் வரலாற்றை அறிதல் வேண்டும். இயற்கைச் சிகிச்சை செய்வோன் தன் முறையின் எல்லையை அறிதல் வேண்டும். ஆராய்வோன், தான் ஆராயும் மக்கள் விரிப்பிலே அமர்ந்து விடும் மூச்சு வெறும் தரவு அன்று, அவர்களுடைய நம்பிக்கை என்பதை அறிதல் வேண்டும். மூவரும் ஒருவரிடமே அமைந்தால் அவர் நல்லாசான். ஓர் ஊரிலே அமைந்தால் அவ்வூர் நலம் பெறும்.

சௌபாத்திக் கடற்கரையிலே இரவு பத்து மணிக்கு உலாவிய தந்தையை மீண்டும் ஒருமுறை நினைப்போம். அவர் கையிலே ஒரு நூல் இருந்தது. நெஞ்சிலே ஒரு நாமம் இருந்தது. வீட்டிலே நோயுற்ற பிள்ளை இருந்தான். பிள்ளை பிழைத்த பின்னரும், எதனால் பிழைத்தான் என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். அக்கேள்வியை மறவாதவன் கையிலே நீரும் மண்ணும் மூச்சும் பாதுகாப்பாக இருக்கும்.